சாவி இல்லாதவர்கள் எழுப்பிய சேர்வர்

1950 ஆகஸ்ட் கடைசியில் ரொறன்ரோவின் கனேடியத் தேசியக் கண்காட்சிக்குப் போன சனம், அங்கே நாலு மீற்றர் உயரத்தில் நின்ற ஓர் உலோக ஆசாமியிடம் வரிசையாக நின்று தோற்றுப்போனது. ஆசாமியின் பெயர் பேர்ட்டி. ஒன்பது கட்டத்துக்குள் புள்ளடியும் வட்டமும் போடும் பள்ளிக்கூடக் கடைசி வாங்கு விளையாட்டுத்தான் அவருடைய முழுநேர உத்தியோகம். அவரைச் செய்த ஜோசப் கேட்ஸ், தான் கண்டுபிடித்த அடிட்ரான் என்ற வெற்றிடக் குழாயின் பெருமையை உலகுக்குக் காட்டவே இத்தனை பாடுபட்டார். உலகம் குழாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. நகைச்சுவை நடிகர் டேனி கே பலமுறை தோற்று, ஒருவழியாக ஒருதடவை வென்றதை லைஃப் பத்திரிகை படம் பிடித்துக்கொண்டது. பெரியவர்களுக்கு ஒரு மாதிரி, சிறுவர்களுக்கு ஒரு மாதிரி என்று ஆட்டத்தின் கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் கேட்ஸிடம் வசதி இருந்தது என்பதை மட்டும் இங்கே போட்டுவைக்கிறேன். டேனி கேயின் வெற்றியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

கேட்டவனுக்குப் பதில் கொடுப்பதுதான் சேர்வரின் தொழில் என்றால், ரொறன்ரோவில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட சேர்வர்களின் பட்டியலை நான் பேர்ட்டியிலிருந்துதான் தொடங்குவேன். கேள்வியை விசையில் அழுத்தினார்கள், பதில் விளக்கில் எரிந்தது. அமைப்பை மாற்றும் அதிகாரம் ஒரே ஆளிடம் இருந்தது. கண்காட்சி இரண்டு கிழமையில் முடிந்தது, பேர்ட்டியைக் கழற்றிப் போட்டார்கள். இந்தக் கதையில் இனி வரப்போகிறவர்கள் எல்லாரும் இரண்டே கட்சி. இயந்திர அறையின் சாவி உள்ளவர்கள் ஒரு கட்சி, இல்லாதவர்கள் மறு கட்சி. வரலாற்றுப் புத்தகங்களில் படம் போடுவது முதல் கட்சிக்கு. வேலை நடந்தது இரண்டாம் கட்சியால்.

பேர்ட்டி சனத்தோடு விளையாடிக்கொண்டிருந்த காலத்திலேயே ரொறன்ரோ பல்கலைக்கழகத்தார் யுடெக் என்று தங்கள் சொந்தக் கணினியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்ஸும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். மாதிரி இயந்திரம் தட்டுத்தடுமாறி நடக்கவும் பழகிவிட்டது. அந்த நேரம் பார்த்து 1951 இல் இங்கிலாந்தில் ஆட்சி மாறி சேர்ச்சில் திரும்பி வந்தார். ஒரு லட்சம் பவுணுக்கு மேற்பட்ட அரசாங்க ஒப்பந்தங்களுக்கு வெட்டு விழுந்தது. அணுசக்திக்காரருக்கென்று ஃபெரன்ரி நிறுவனம் செய்துகொண்டிருந்த மார்க் 1 கணினி வாங்க ஆளில்லாமல் நின்றது. சுமார் மூன்று லட்சம் டொலருக்கு ரொறன்ரோ அதைப் பிடித்துக்கொண்டது. 1952 இல் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. சொந்தப் பிள்ளை யுடெக்கின் கதை அதோடு முடிந்தது. இந்த நகரம் அன்றும் இன்றும் ஒரே மாதிரிதான்: தன் வீட்டில் செய்ததை நம்பாது, வெளிநாட்டிலிருந்து கழிவு விலையில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பும்.

வந்த இயந்திரத்துக்கு ஃபெருட் என்று பெயர் வைத்தவர் பியட்ரிஸ் வோர்ஸ்லி. கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினிக்குப் பக்கத்தில் இருந்து தொழில் பழகி, அங்கேயே முனைவர் பட்டமும் பெற்றவர். அவரும் மற்றவர்களும் ஃபெருட்டோடு பேசவேண்டியிருந்த மொழியைப் பார்த்தால், இன்றைக்குக் கறுப்புத் திரையைக் கண்டு நடுங்குகிற பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தைரியம் வரும். அலன் டியூரிங் மன்செஸ்ரரில் இருந்துகொண்டு செய்துவைத்த ஏற்பாடு அது. டெலிபிரின்டர் நாடாவில் ஐந்து துளை, ஆகவே முப்பத்திரண்டு குறிகள், ஆகவே எண்கள் முப்பத்திரண்டின் அடியில். சுழியத்துக்கு ஒரு சாய்கோடு. இரண்டுக்கு @. எட்டுக்கு ½. முப்பத்தொன்றுக்கு £. இவை போதாதென்று எண்களைப் பின்னிருந்து முன்னாக எழுதவேண்டும், சிறிய இலக்கம் முதலில். படக்குழாயில் புள்ளிகள் அந்த ஒழுங்கில்தான் தெரிந்தன, பொறியியலாளருக்கு அதுதான் வசதி. டியூரிங்குக்கு முப்பத்திரண்டின் வாய்ப்பாடு தலைகீழாகப் பாடம். மற்றவர்களுக்கும் அப்படியே இருக்கும் என்று அவர் நம்பிவிட்டார். மேதைகள் எழுதிய கையேடுகள் எல்லாவற்றிலும் இந்த ஒரு குற்றம் இருக்கிறது.

காலையில் இயந்திரத்தை எழுப்பும் உரிமை பொறியியலாளர்களுக்கு. வால்வுகள் சூடாகி, கெட்டது எது என்று கண்டுபிடித்து மாற்றி, நினைவகக் கண்ணாடிக் குழாய்களில் புள்ளிகள் நிலைத்து நிற்கின்றனவா என்று பார்த்து, அவர்கள் தலையசைத்த பிறகுதான் கணக்குக்காரர் உள்ளே வரலாம். இங்கிலாந்திலிருந்து கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி வந்து, சென்லோறன்ஸ் ஆற்றில் அணை கட்டினால் நீர் எங்கே எவ்வளவு ஏறும் என்ற கணக்குக்கு நிரல் எழுதிக் கொடுத்தார். கனடா தனியாகவே கால்வாய் வெட்டிவிடும் என்று அமெரிக்காவை நம்பவைத்ததில் அந்தக் கணக்குக்கும் பங்குண்டு என்பார்கள். கணக்குச் சரி. 1958 இல் ஒன்ராறியோவின் ஆற்றங்கரைக் கிராமங்கள் சில நீருக்குள் போயின.

எனக்குப் பிடித்த காட்சி இதற்குப் பிறகு வருகிறது. டியூரிங்கின் £ குறியோடு சாதாரண மனிதர் குடித்தனம் நடத்த முடியாது என்று வோர்ஸ்லியும் பேட்டர்சன் ஹியூமும் சேர்ந்து 1954 இல் டிரான்ஸ்கோட் என்று ஒன்றைச் செய்தார்கள். மனிதர் எழுதக்கூடிய சுருக்கக் கட்டளைகளை இயந்திரம் தானே தன் பாஷைக்கு மாற்றிக்கொள்ளும். கற்றுக்கொள்ளச் சில மணிநேரம் போதும். இந்தச் செய்தி சஸ்கச்சவானுக்கு எட்டியது. அங்கே சஸ்கற்றூன் நகரப் பல்கலைக்கழகத்தில் கணக்கு இருந்தது, கணினி இல்லை. ரொறன்ரோ 2000 கிலோமீற்றருக்கு அப்பால். அவர்கள் என்ன செய்தார்கள்? தந்திக் கம்பியைப் பிடித்தார்கள். சஸ்கற்றூனில் டிரான்ஸ்கோட் நிரலை நாடாவில் துளைத்து டெலிடைப்பில் அனுப்ப, ரொறன்ரோவில் ஃபெருட் அதை உண்டு, விடையை அதே கம்பியில் திருப்பி அனுப்பியது. 1950களின் நடுப்பகுதி இது. இன்றைக்கு மேகத்திலிருக்கும் சேர்வருக்குக் கட்டளை அனுப்பிவிட்டுக் கோப்பி குடிக்கிறவர், சஸ்கற்றூனில் காதுவரை கோட்டுக் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டு டெலிடைப் முன்னால் நின்ற அந்த ஆளின் வாரிசு. அவரிடம் சாவியும் இல்லை, கதவும் இல்லை. கம்பி மட்டும் இருந்தது. அதனால் நாலு வார்த்தைக்குள் சொல்லப் பழகினார். கட்டளை வரி என்பது இப்படிப் பிறந்த சிக்கனம். டெலிடைப் மெதுவாக அடித்த காலத்துப் பழக்கம் போகாமல்தான் யுனிக்ஸ்காரர் இன்றும் பட்டியல் என்ற கட்டளைக்கு இரண்டு எழுத்துக்கு மேல் செலவழிப்பதில்லை.

ஃபெருட் 1958 இல் ஒட்டாவாவுக்குக் குடிபெயர்ந்தது. ஃபெரன்ரியின் கனேடியக் கிளை, ஃபெரன்ரி-பக்கார்ட், தானும் கணினி செய்து பார்த்துவிட்டு 1960களின் தொடக்கத்தில் அந்தப் பிரிவைக் கைகழுவியது. வெளியே வந்தவர்களில் எட்டுப்பேர் 1964 இல் ஐ.பி. ஷார்ப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஏபிஎல் என்ற, விசைப்பலகையிலேயே இல்லாத குறிகளால் எழுதும் மொழியை வைத்துக்கொண்டு, 1976 இல் ஐபிஎஸ்ஏ-நெட் என்ற தங்கள் சொந்த வலையமைப்பையே போட்டு, தூர நாட்டவர்கள் உள்ளூர்த் தொலைபேசி எண்ணை அழைத்து ரொறன்ரோக் கணினியில் வேலை செய்ய வைத்தார்கள். 1987 இல் ரொய்ட்டர்ஸ் அவர்களை வாங்கியது. லாபகரமான, ஒழுங்கான, நல்ல நிறுவனம். ஆகவே சிரிக்க ஒன்றுமில்லை, மேலே போவோம்.

மேலே போனால் வருவது விலங்கியல் துறை. ஓம், விலங்கியல். 1981 இல் யூஸ்நெட் என்ற உலகளாவிய வாய்ச்சண்டை மன்றத்துக்கு அமெரிக்காவுக்கு வெளியே கதவு திறந்தபோது, கனடாவில் அதைத் திறந்துவைத்தது கணினித் துறையல்ல. தவளையும் மீனும் ஆராய்கிற துறையின் கணினி. அதைப் பார்த்துக்கொண்டவர் ஹென்றி ஸ்பென்சர். உலகமே தன் சண்டைகளை இரண்டு கிழமை வைத்திருந்து அழித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் எல்லாவற்றையும் காந்த நாடாவில் பதிந்து இறாக்கையில் அடுக்கினார். பத்தாண்டுகளில் 141 நாடாக்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகள். 2001 இல் கூகிள் இணையத்தின் இளமைக் காலத்தைத் தேடிப் புறப்பட்டபோது, அந்த இளமை ரொறன்ரோ விலங்கியல் துறையின் நாடாக்களில்தான் பாடம்செய்து வைக்கப்பட்டிருந்தது. தன் இருபது வயதில் தான் எழுதிய முட்டாள்தனம் காலத்தால் அழிந்துவிட்டதென்று நம்பியிருந்த எத்தனையோ பேராசிரியர்களுக்கு அன்று தூக்கம் போயிருக்கும்.

இனி ரஸ்மஸ் லெர்டார்ஃப். இவருக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கவேண்டும், ஏனென்றால் உலகத்தின் இணையத்தளங்களில் பெரும் பங்குக்கு இவர் பொறுப்பு, அந்தப் பொறுப்பை அவர் கேட்டு வாங்கவில்லை. கிரீன்லாந்தின் டிஸ்கோ தீவில் 1968 இல் பிறந்து, டென்மார்க்கில் வளர்ந்து, பதின்ம வயதில் ரொறன்ரோவுக்கு வடக்கே கிங் சிற்றிக்கு வந்து, 1993 இல் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்தவர். படிப்பு முடித்த எவரையும் போல வேலை வேண்டும். ஆகவே 1994 இல் தன் சுயவிபரக் கோவையை இணையத்தில் ஏற்றினார். ஏற்றிய பிறகு, எல்லாரையும் போல, அதை யார் யார் பார்க்கிறார்கள் என்று அறியாமல் இருப்புக்கொள்ளவில்லை. ஒருவராவது பார்த்தாரா? பார்த்தவர் எந்தக் கம்பனி? இதற்காக சி மொழியில் சில சிறு நிரல்கள் எழுதினார். பிஎச்பி என்ற இணைய நிரல் மொழிப் பெருங்காப்பியத்தின் பாயிரம் இவ்வளவுதான்.

இங்கே அந்தக் காலத்துச் சேர்வரைப் பற்றிச் சொல்லவேண்டும். இணையச் சேர்வர் என்பது ஒரு யுனிக்ஸ் இயந்திரத்தில் ஓடும் நிரல். அதற்கு மூன்று அமைப்புக் கோப்புகள். எது எதில் இருக்கவேண்டும் என்பதில் எழுதியவர்களுக்கே ஒருமித்த கருத்து இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு அப்பாச்சி என்ற சேர்வரை எழுதிய ஆட்களே மூன்றையும் ஒன்றாக்கிவிட்டார்கள். சேர்வர் காது கொடுக்கும் வாசல் எண் 80. யுனிக்ஸில் 1024க்குக் கீழ்ப்பட்ட வாசல்கள் எல்லாம் ரூட் என்ற சர்வாதிகாரிக்கு மட்டும் சொந்தம். கோப்பில் ஒரு வரியை மாற்றினால் சேர்வர் அதைத் திரும்பப் படிக்கவேண்டும். அதற்கு ஹப் என்ற சைகையை அனுப்பவேண்டும். அனுப்பும் கட்டளையின் பெயர் கில். தொலைபேசி வழியாக இணைந்திருந்த முனையத்தில் கம்பி அறுந்தால், அந்தக் கம்பியை நம்பி ஓடிக்கொண்டிருந்த நிரல்களுக்கு யுனிக்ஸ் அனுப்பும் சாவுச்செய்திதான் ஹப். கம்பியே தேவையில்லாத சேர்வர்களுக்கு அது வீண் சைகை, ஆகவே “எழுந்து அமைப்பைத் திரும்பப் படி” என்று அதற்கு மறு அர்த்தம் கொடுத்தார்கள். மற்ற நிரல்கள் இன்றும் அதைக் கேட்டால் ஒழுங்காகச் செத்துப்போகின்றன. இந்தச் சைகையை நினைவில் வைத்திருங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மாதச் சந்தாவுக்கு ரொறன்ரோ இணைய நிறுவனங்களில் கணக்கு வைத்திருந்த ரஸ்மஸ் மாதிரி ஆட்களுக்கு ரூட் அதிகாரம் ஏது? ஸ்காபரோவில் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிற குடும்பம்தான் சரியான உவமை. தனி அறை உண்டு, சமைக்கலாம், குளிக்கலாம். வீட்டுச் சூட்டைக் கூட்டுகிற பெட்டி மட்டும் மேல்மாடியில், வீட்டுக்காரர் கையில். 1995 ஜூன் 8 ஆம் திகதி ரஸ்மஸ் தன் கருவிகளை உலகுக்கு அறிவித்த செய்தியில், அதனால் செய்யக்கூடியவை என்ன என்பதோடு, எவையெல்லாம் தேவையில்லை என்றும் ஒரு பட்டியல் இருந்தது. என் கணிப்பில் அந்தப் பட்டியல்தான் வரலாறு. ரூட் தேவையில்லை, சேர்வரின் பதிவேட்டைப் பார்க்கும் அனுமதி தேவையில்லை, பெர்ல் மாதிரி மொழி எதுவும் தேவையில்லை, சேர்வர்க்காரர் ‘சேர்வர்-சைட் இன்குளூட்’ என்ற வசதியை இயக்கி வைத்திருக்கத் தேவையில்லை. உன் சொந்தக் கோப்புறைக்குள் போட்டுவிட்டு உன்பாட்டுக்கு இரு. பேஸ்மென்ட்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். யார் எந்தப் பக்கம் பார்த்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், எந்த இடத்துக்காரரை உள்ளே விடக்கூடாது எல்லாவற்றையும் அந்தக் கருவி பார்த்துக்கொள்ளும். மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு பின்தொடரும் வசதிகூட அறிவிப்பில் இருந்தது. ஃபேஸ்புக் பிறக்க இன்னும் எட்டு ஒன்பது வருடம் இருந்தது. ஆசை மட்டும் அன்றே வயதுக்கு வந்துவிட்டது.

இடையில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. இந்த நிரலில் பெரும் பகுதி அந்தப் பல்கலைக்கழகத்துக்காக, அங்கேயே எழுதப்பட்டது என்று இரண்டாம் பதிப்பின் கையேடே நன்றி சொல்கிறது. ஃபெருட்டை எழுப்பிய அதே பல்கலைக்கழகம். அது தனக்கொரு கணினி மொழி பிறக்கிறதென்று தெரிந்து தொட்டிலாட்டியதாக நான் நினைக்கவில்லை. ரஸ்மஸுக்கே தெரியாது. மொழி எழுதும் எண்ணமே தனக்கு இருக்கவில்லை, அடுத்த அடி எது என்று பார்த்து வைத்துக்கொண்டே போனேன் என்று பிறகு அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அப்படி வைத்த அடிகளின் தடம் இன்றும் தெரியும். தொடக்கத்தில் ஒரு செயற்கூற்றைத் தேடிப்பிடிக்க, அதன் பெயரின் நீளத்தை வைத்துத்தான் பிஎச்பி வகைப்படுத்தியது. எல்லாப் பெயரும் ஒரே நீளமாக இருந்தால் ஒரே வகையில் குவிந்து தேடல் மெதுவாகும். ஆகவே பெயர்களை வேண்டுமென்றே நீளமும் குட்டையுமாக வைத்தார். நூறு செயற்கூறுகூட இல்லாத காலத்து ஏற்பாடு. 2013 இல் அவரே இதைச் சொன்னபோது, பிஎச்பியில் ஒன்றின் பெயர் ஐந்து எழுத்தாகவும் மற்றொன்று பதினாறு எழுத்தாகவும் ஏன் இருக்கின்றன என்று பதினைந்து வருடமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு விடை கிடைத்தது. கிடைத்தபின் இன்னும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டார்கள்.

1997 இல் இஸ்ரேலில் ஆண்டி குட்மன்ஸ், ஸீவ் சுரஸ்கி என்ற இரண்டு மாணவர்கள் இதன் வயிற்றைத் திறந்து பார்த்து, அதிர்ந்து, முழுவதையும் திரும்ப எழுதினார்கள். 1998 மே மாதக் கணக்கில் சுமார் 60,000 தளங்கள் பிஎச்பி இருப்பதாகச் சொல்லின, அன்றைய இணையத்தில் நூற்றுக்கு ஒன்று. அதன்பிறகு எண்ணுவது வேறு யாரோ பார்த்துக்கொண்ட வேலை.

அதே 1998 இல் சாவி உள்ள கட்சி விழித்துக்கொண்டது. ஐபிஎம் வெப்ஸ்பியர் என்ற செயலிச் சேர்வரை வெளியிட்டது. அதன் மூலஸ்தானம் ரொறன்ரோ அல்ல. ஆனால் அதன்மேல் நிரல் எழுதும் கருவிகளும் வெப்ஸ்பியர் கொமேர்ஸ் என்ற வணிகப் பரிவாரமும் ஐபிஎம்மின் ரொறன்ரோ ஆய்வுகூடத்தின் கைவேலை. அந்த ஆய்வுகூடம் பிறகு மார்க்கம் நகருக்கு, வோர்டன் சாலைக்கு இடம்பெயர்ந்தது. ஸ்காபரோவில் காசு சேர்த்த தமிழர் எல்லாம் அதே திசையில்தான் போனார்கள் என்பதால் இதில் எனக்கு வியப்பில்லை.

வெப்ஸ்பியரைக் கட்டளை வரியில் எழுப்புவது ஒரு சடங்கு. முதலில் முகாமையாளர் என்ற ஒன்றை எழுப்பவேண்டும். அது எழுந்தபின் ஒவ்வோர் இயந்திரத்திலும் இருக்கும் முகவரை. முகவர் எழுந்தபின் சேர்வரை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளை, தனிப் பதிவேடு, தனி முகபாவம். சேர்வர் எழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் கன்ரீனுக்குப் போய் வரிசையில் நின்று தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வரலாம். வந்து பார்த்தால் பதிவேட்டின் அடியில் ஒரு வரி: சேர்வர் 1 இ-வணிகத்துக்குத் திறந்திருக்கிறது. கடைக்குள் ஒரு பொருளும் வைக்காத, ஒரு வாடிக்கையாளரும் இல்லாத, சோதனைக்கென்று எழுப்பிய வெறுஞ்சேர்வரும் இதையே அறிவித்தது.

அமைப்பை மாற்ற டபிள்யூஎஸ்அட்மின் என்ற கட்டளைக் கருவி. முதலில் ஜேக்கல் என்ற மொழியில் எழுதச் சொன்னார்கள், பழகி முடிய ஜைதான் என்று மாற்றினார்கள். நாற்பது வரி எழுதி, தரவுத்தள இணைப்பு, நினைவக அளவு, வாசல் எண் எல்லாம் பொருத்தி, கடைசியில் சேமி என்ற ஒரு வரியை விட்டுவிட்டால், சேமிக்கவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரியோடு அது கடமையை முடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் மறந்துவிடும். மாற்றம் சேமிக்கப்பட்டால் செல், நோட், சேர்வர் என்று ஒன்றுக்குள் ஒன்றான கோப்புறைகளின் அடியாழத்தில் ஓர் எக்ஸ்எம்எல் கோப்புக்குள் போய்க் குந்திக்கொள்ளும். கையால் திறந்து மாற்றாதே என்று பெரியோர் சொல்வார்கள். பெரியோர் எல்லாரும் இரவில் அதைக் கையால்தான் திறந்து மாற்றினார்கள். எனக்கு இவற்றில் மிகப் பிடித்தது வேறொன்று. பாதுகாப்பை இயக்கி வைத்தபின், சேர்வரைத் தொடங்கக் கடவுச்சொல் கேட்காது, நிறுத்தக் கேட்கும். எங்கள் உறவினர் வீட்டு விருந்துகளில் மட்டும் நான் கண்ட நிர்வாகத் தத்துவம் இது.

ரொறன்ரோவில் தமிழர்கள் பலருக்கு இந்தச் சடங்குதான் சோறு போட்டது என்பதையும் சொல்லவேண்டும். பகலில் தொழிற்சாலை, இரவில் கணினி வகுப்பு என்று ஓடி, சான்றிதழ் எடுத்து, பெரிய நிறுவனங்களின் இரவுக் கடமையில் சேர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. இவ்வளவு சிக்கலாக இருந்ததால்தான் அத்தனை பேர் தேவைப்பட்டார்கள். இலகுவாக்கியிருந்தால் மார்க்கத்தில் சில வீடுகள் குறைந்திருக்கும்.

இலகுவாக்கியது 2012 இல் நடந்தது, இரண்டு கட்சியிலும் ஒரே வருடத்தில். மார்ச் மாதம் வந்த பிஎச்பி 5.4 தனக்குள்ளேயே ஒரு குட்டிச் சேர்வரை வைத்திருந்தது. பிஎச்பி என்று எழுதி, இடைவெளி விட்டு, ஒரு கழித்தல் குறி, பெரிய எஸ், பிறகு லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 8000. அவ்வளவுதான். மூன்று கோப்பு இல்லை, ரூட் இல்லை, கில் இல்லை. 8000 என்பது 1024க்கு மேலே என்பதால் வீட்டுக்காரரைக் கேட்கவும் தேவையில்லை. சில மாதங்களில் ஐபிஎம் லிபர்ட்டி என்ற மெலிந்த வெப்ஸ்பியரை விட்டது. சேர்வர் ஸ்டார்ட் என்றால் எழுந்து நிற்கும், அமைப்புக்கு ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, தேத்தண்ணி வாங்க நேரமில்லை. பழைய பெருமை மட்டும் போகவில்லை. எழுந்ததும் அது பதிவேட்டில் எழுதியது, “மேலும் புத்திசாலியான ஒரு கோளை நடத்தத் தயார்” என்று. முன்பு வணிகத்தோடு நின்றவர்கள் இப்போது கோளுக்கே வந்துவிட்டார்கள். பிஎச்பியின் கையேடோ இந்தச் சேர்வரைப் பொது வலையமைப்பில் போடாதே, சோதனைக்கு மட்டும் என்று எச்சரித்தது. ஒருவர் கையேட்டையும் வாசிக்கவில்லை, மற்றவரின் கோளும் புத்திசாலியாகவில்லை.

சேர்வர் எழுவது இலகுவானபின் தமிழருக்கு மிஞ்சிய தொல்லை வேறு. அதிலும் ஒரு ரொறன்ரோ ஆள் சம்பந்தப்பட்டிருக்கிறார். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் படித்த ரொப் பைக், 1992 செப்டெம்பரில் ஒரு மாலை நியூஜேர்சியில் சாப்பாட்டுக்கடை ஒன்றில் கென் தொம்சனோடு உட்கார்ந்திருந்தார். மேசையில் போட்டிருந்த காகித விரிப்பில் தொம்சன் எழுதிக் காட்ட, யூடிஎஃப்-8 பிறந்தது. உலகத்து எழுத்துகள் எல்லாவற்றையும் பைட்களாக வைக்கும் வழி. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு மூன்று. சாப்பாட்டுக்கடைத் தாளில் எங்கள் பக்கம் பேச ஆளில்லை. ஆனால் பழுதில்லை, ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு கட்சி என்று அடிபட்டுக்கொண்டிருந்த தமிழிணையத்தை ஒரு வழிக்குக் கொண்டுவந்தது அதுதான். சேர்வர் அமைப்பில் இயல்பான எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்று ஒரு வரி போட்டால் போதும் என்றார்கள். போட்டோம். பிஎச்பியிடம் “தமிழ்” என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் 15 என்றது. அதற்குப் பைட் மட்டுமே தெரியும். இன்னொரு செயற்கூற்றைக் கேட்டால் 5 என்றது, குற்றையும் இகரக் குறியையும் தனியாக எண்ணி. மூன்று என்று சொல்லக்கூடியதை வேறொரு நீட்சியில் தேடவேண்டியிருந்தது. இதையெல்லாம் அடியோடு திருத்துகிறோம் என்று பிஎச்பி 6 ஐத் தொடங்கியவர்கள் 2010 இல் கைவிட்டுவிட்டு, 2015 இல் நேரே 7 க்குத் தாவினார்கள். 6 என்ற எண்ணைப் பேச்சிலும் எடுப்பதில்லை.

இதன் விளைவை எந்த ஊர்ச்சங்கத்தின் ஆண்டுவிழாவிலும் காணலாம். ஸ்காபரோவில் ஒரு மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி படித்த தம்பி ஒருவர் தன் மடிக்கணினியில் கட்டளை அடித்து, நன்கொடையாளர் பட்டியலைச் சேர்வரில் எழுப்பியிருக்கிறார். தலைவர் தன் கைபேசியைப் பார்க்கிறார்.

“தம்பி, ஒண்டும் தெரியேல்லையே.”

“எனக்குத் தெரியுது, அண்ணை.”

“உமக்குத் தெரிஞ்சு என்ன, காசு தந்த சனத்துக்கெல்லோ தெரியவேணும்.”

லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கணினி தன்னோடு தானே பேசுவது. தம்பி அதை எடுத்துவிட்டு நாலு பூச்சியத்தை நடுவில் புள்ளி வைத்துப் போடுகிறார். இப்போது மண்டபமே பார்க்கலாம். ஆனால் குட்டிச் சேர்வர் இயல்பில் ஒரு நேரத்தில் ஒருவரையே கவனிக்கும். முதலாவது கைபேசி பெரிய படமொன்றை இழுத்துக்கொண்டிருக்க, மற்ற எல்லாரும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கடைசியில் பட்டியல் வருகிறது. பெயருக்கு இருபதுக்கு மேல் இடமில்லை என்று தம்பி வைத்த எல்லை பைட் கணக்கில் வெட்ட, ஐயாயிரம் டொலர் தந்த சிவசுப்பிரமணியம் “சிவசுப” என்று தொடங்கி, கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறியோடு முடிகிறார்.

“அந்தாள் கண்டால் அடுத்த முறை தராது” என்கிறார் தலைவர்.

“அஞ்சு நிமிசம் தாங்கோ அண்ணை, திருத்திறன். தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டு வாறன். லப்டொப்பில மட்டும் கை வைக்காதேங்கோ.”

தம்பி திரும்பி வரும்போது மண்டபத்தில் ஒருவர் கைபேசியிலும் ஒன்றும் வரவில்லை. அவர் மடிக்கணினியைப் பார்க்கிறார். திரை துப்புரவாக இருக்கிறது, முருகன் படம் மட்டும் தெரிகிறது.

“அண்ணை, இதில ஒரு கறுப்பு ஜன்னல் திறந்து இருந்ததே?”

“ஓம், வைரஸ் மாதிரி ஏதோ எழுதிக்கொண்டே போச்சு. நான்தான் மூடினனான்.”